சுமைகூலி முக்கால் பணம்

1839 வரை இங்கிலாந்தில் கடிதம் போடக் காசு வேண்டாம். வாங்கத்தான் வேண்டும். அனுப்புகிறவர் விரும்பினால் முன்கூட்டியே கட்டலாம். ஆனால் அப்படிக் கட்டினால், 'உனக்கு ஏது வக்கு?' என்று பெறுகிறவரைக் கேட்ட மாதிரி ஆகிவிடுமாம். எனவே கண்ணியமான மனிதர்கள் யாரும் கட்டுவதில்லை. இவ்வளவு சிக்கனமான கண்ணியத்தை உலகம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. உங்களைத் திட்டி ஒருவர் நாலு பக்கம் எழுதினால், அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத் தபால்காரரிடம் நீங்கள்தான் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கு ஒருநாள் அமெரிக்காவிலிருந்து கனமான பொட்டலம் ஒன்று வந்தது. கூலி ஏறக்குறைய 5 பவுண்டு. பெரிய மனிதர், கொடுத்துவிட்டார். பிரித்தால், 'செரோக்கி காதலர்கள்' என்று ஒரு நாடகம். எழுதிய இளம்பெண்ணின் கோரிக்கைகள் எளிமையானவை: படித்துத் திருத்த வேண்டும், முன்னுரையும் முடிவுரையும் எழுதித் தர வேண்டும், அரங்கேற்ற வேண்டும், பதிப்பாளரையும் பிடித்துத் தர வேண்டும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பொட்டலம். மறுபடியும் 5 பவுண்டு. உள்ளே அதே நாடகம். கடலில் புயலாக இருந்ததால் முதல் பிரதி வந்து சேராதோ என்ற கவலையில், முன்ஜாக்கிரதையாக இரண்டாவது பிரதி. மூத்த எழுத்தாளர்கள் புது எழுத்தாளர்களைக் கண்டால் அடுத்த தெரு வழியாகப் போவதற்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது.

தபால் கட்டணத்தைத் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிட்டார்கள். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள். உடனே மக்கள் உறையை ஒழித்தார்கள். ஒரே தாளில் இடமிருந்து வலமாக எழுதி முடித்துவிட்டு, தாளை ஒரு திருப்புத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக இன்னொரு கடிதம் எழுதினார்கள். படிப்பது பெறுகிறவர் பாடு. காசும் அவருடையது, கண்ணும் அவருடையது.

முத்திரைவரி கட்டிய செய்தித்தாள்கள் தபாலில் இலவசமாகப் போயின. இது தெரிந்ததும் பழைய பேப்பருக்கு வந்தது வாழ்வு. எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் சின்னச் சின்னப் புள்ளி குத்தி, புள்ளி வைத்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் செய்தி வரும்படி செய்து அனுப்பினார்கள். பிரதமரின் உரை என்று தபால்காரர் நினைத்துச் சுமந்து போனது, 'அத்தைக்குப் பிரசவம் ஆகிவிட்டது' என்ற தகவலை.

ஏரி மாவட்டத்தில் கவிஞர் கோல்ரிட்ஜ் பார்த்ததாகச் சொல்லப்படும் காட்சி இன்னும் பிரமாதம். அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தை ஒரு ஏழைப் பெண் வாங்க முடியாது என்று திருப்பிக் கொடுக்கிறாள். கவிஞருக்கு மனம் உருகுகிறது. ஒரு ஷில்லிங்கைத் தானே கட்டுகிறார். தபால்காரர் நகர்ந்ததும் அந்தப் பெண் கடிதத்தைப் பிரித்துக் காட்டுகிறாள். உள்ளே வெற்றுத்தாள். கடிதம் வந்தாலே அண்ணன் சுகம் என்று அர்த்தம். அதை வாங்கிக் காசைக் கரியாக்குவதில்லை என்பது குடும்ப ஒப்பந்தம். உலகத்தின் முதல் மிஸ்டு கால் இதுதான். கவிஞர் தெரியாத்தனமாக அதை அட்டெண்ட் பண்ணிவிட்டார்.

ஏழைகள் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் அது பாவம். அரசாங்கத்தின் தபால் கப்பல்களில் மேன்மக்களுக்கு இலவசப் போக்குவரத்துச் சலுகை இருந்தது. அந்தக் காலப் பதிவேட்டில் இருக்கும் சில 'தபால்'கள்: பதினைந்து ஜோடி வேட்டைநாய்கள். ஒரு தூதருக்குத் துணி துவைக்கப் போகும் இரண்டு பணிப்பெண்கள். ஒரு மாடும் இன்னபிற அத்தியாவசியங்களும் சகிதமாகப் பயணம் செய்யும் ஒரு டாக்டர். மாட்டுக்கு ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது என்ற கேள்வி எழவில்லை. ஸ்டாம்பே அப்போது கிடையாது.

ஆக, ராஜாவீட்டு நாய் முதல் ஏழைவீட்டு வெற்றுத்தாள் வரை எல்லாம் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டே பயணம் செய்தன. சுங்கம் எந்த வாசலில் இல்லையோ, சரக்கு அந்த வாசல் வழியாகத்தான் போகும். நியூட்டன் விதி மாதிரி இதற்கும் யாராவது பெயர் வைத்திருக்கலாம். பெயர் வைக்க வேண்டியவர்களும் அந்த வாசல் வழியாகவே போய்க்கொண்டிருந்ததால் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு பென்னிப் புரட்சியும் தபாலில் வந்த வங்கியும்

1837-ல் ரோலண்ட் ஹில் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைத் தூக்கிப்போக உண்மையில் ஆகும் செலவு, ஒரு பென்னியில் 36-ல் ஒரு பங்கு. அரசாங்கம் வசூலிப்பதோ ஒரு ஷில்லிங்குக்கு மேல். அதாவது நானூறு மடங்குக்கும் அதிகம். மிச்சமெல்லாம் ஹேண்ட்லிங். தபால்துறைத் தலைவர் லிச்ஃபீல்ட் பிரபு, தான் கேள்விப்பட்ட கிறுக்குத் திட்டங்களிலேயே ஹில்லின் திட்டத்துக்குத்தான் முதல் பரிசு என்கிற தோரணையில் பிரபுக்கள் சபையில் பொங்கினார். சொந்தக் கடிதங்களுக்குச் சல்லிக்காசு கட்டாத பிரபுக்களுக்கு, மற்றவர்கள் குறைவாகக் கட்டப்போகிறார்கள் என்பதில் அப்படி ஒரு வேதனை.

1840 ஜனவரி 10 முதல், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னி. மே மாதம் விக்டோரியா ராணியின் தலை போட்ட கறுப்பு ஸ்டாம்ப். அனுப்புகிறவர் முன்பணம் கட்ட வேண்டும். கட்டாமல் போட்டால் பெறுகிறவர் தலையில் இரட்டிப்பு. 1839-ல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அடுத்த ஆண்டே சுமார் 16.8 கோடியாகப் பெருகின. அந்த இரட்டிப்பு அபராதம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்து, நம் ஊரில் பேரிங் தபாலாகக் குடியேறியது. மொட்டைக் கடிதத்தைப் பேரிங்கில் போட்டு, வசவுக்கு வட்டியும் வசூலித்த மகான்கள் நம்மிடம் உண்டு.

அமெரிக்காவில் 1913 ஜனவரி 1-ம் தேதி பார்சல் தபால் தொடங்கியது. இந்த முறை அரசாங்கம் கட்டணத்தை நியாயமாகவே வைத்தது. அதுவே வினையாயிற்று. 1914 பிப்ரவரியில் ஐடஹோவில் ஒரு தம்பதி கணக்குப் பார்த்தார்கள். பாட்டி வீட்டுக்குப் போக வேண்டிய பெண்குழந்தைக்கு ரயில் டிக்கெட் விலை அதிகம். பார்சல் வரம்பு 50 பவுண்டு எடை. குழந்தை அதற்குக் கொஞ்சம் கீழே. கோட்டில் 53 சென்ட் ஸ்டாம்பை ஒட்டி ரயிலின் தபால் பெட்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. 'உடையக்கூடியது' என்று எழுதினார்களா என்பது சரித்திரத்தில் இல்லை.

1916-ல் யூட்டா மாநிலத்தின் வெர்னல் என்ற ஊரில் ஒரு வங்கி கட்டக் கிளம்பினார்கள். செங்கல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வர வேண்டும். வண்டிக்கூலி விசாரித்தால் செங்கல் விலையைப்போலப் பல மடங்கு. பார்சல் தபாலோ சல்லிசு. அப்புறம் என்ன? 50 பவுண்டுக்கு மிகாத பொட்டலங்களாக, டன் டன்னாகச் செங்கல் தபாலில் போனது. நேராகப் போனால் 120 மைல் சொச்சம். ரயில் மாறி, வண்டி மாறித் தபால் சுற்றிய தூரம் 400 மைலுக்கு மேல். நஷ்டம் தபால்துறைக்கு. இடுப்பு வலி தபால் ஊழியர்களுக்கு. வங்கி எழும்பிவிட்டது. அதன்பிறகு, ஒருவர் இன்னொருவருக்கு ஒருநாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று விதி வந்தது. கட்டி முடித்த பிறகு வரும் விதிக்கு எந்த நாட்டிலும் குறைவில்லை.

மக்கள் அடிப்படையில் நல்லவர்கள்

1995 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், பியர் ஒமித்யார் என்ற புரோகிராமர் தன் வீட்டிலிருந்தபடி ஒரு ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஈபே. முதலில் விலைபோன சரக்கு ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். அது உடைந்துபோன லேசர் பாயின்டர் என்பதுதான் விசேஷம். வாங்கியவரிடம், "இது வேலை செய்யாது, தெரியும்தானே?" என்று ஒமித்யார் கேட்டார். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பதே தன் வேலை என்று பதில் வந்தது. இந்த உலகத்தில் எதையும் விற்கலாம் என்ற ஞானம் அவருக்குப் பிறந்த தருணம் அது.

மக்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்பது ஒமித்யாரின் நம்பிக்கை. நிறுவனத்தின் கொள்கைப் பிரகடனத்திலேயே அதை முதல் வரியாக வைத்தார். மக்கள் நல்லவர்கள்தான். ஆனால் கமிஷன் விதியை எழுதும்போது அவர் ஒரு வாசலை மட்டும் திறந்து போட்டுவிட்டார். பொருள் விலைபோன தொகையில் ஈபேவுக்குப் பங்கு உண்டு. தபால் கட்டணத்தில் கிடையாது. விலையைத் தீர்மானிப்பது ஏலம். தபால் கட்டணத்தைத் தீர்மானிப்பது விற்கிறவர். நல்லவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

2000-களின் முதற்பாதிக் கணக்கு இது. 20 டாலருக்கு ஒரு பொருளை விற்றால் ஈபேவுக்கு 5.25 சதவீதம், அதாவது 1 டாலர் 5 சென்ட். அதே பொருளை 1 சென்ட்டுக்கு விற்று, தபால் 19.99 என்று போட்டால் கமிஷன் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஏலத்தின் தொடக்க விலை குறைந்தால், பட்டியலில் சேர்ப்பதற்கான கட்டணமும் குறையும். விலை வரிசைப்படி தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவதும் இந்த 1 சென்ட் சரக்குதான். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி: வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால், 'தபால் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனையின்படி, முழு மரியாதையோடு 1 சென்ட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவைத்தது இதைத்தான். அவர்கள் அதை ஏமாளிகளுக்கு எச்சரிக்கையாகச் சொன்னார்கள். ஈபே விற்பனையாளர்கள் அதைத் தொழில் திட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

சண்டை எப்போது வெடிக்கும் என்பதற்கும் ஒரு நேரம் உண்டு. பார்சல் வந்து சேரும் நேரம். காரணம், அமெரிக்கத் தபால்துறையின் ஒரு கெட்ட பழக்கம்: உண்மையில் எவ்வளவு கட்டப்பட்டது என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்து அனுப்பிவிடும். இருபது டாலர் கொடுத்தவர் பெட்டியைப் பார்க்கிறார். அதில் 3.85 என்று இருக்கிறது. பிறகு நடப்பது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, தபாலுக்கு 20 டாலர் வாங்கினீர்கள். ஸ்டாம்ப் 3.85-க்குத்தானே ஒட்டியிருக்கிறது?"

"அது ஷிப்பிங் மட்டும். ஹேண்ட்லிங் என்று ஒன்று இருக்கிறது."

"அது என்ன ஹேண்ட்லிங்?"

"அட்டைப்பெட்டி, டேப், பபிள் ரேப், தபால் ஆபீஸ் போய்வரப் பெட்ரோல், வரிசையில் நின்ற என் நேரம்."

"பெட்டியில் தபால்துறை முத்திரை இருக்கிறதே? அந்தப் பெட்டியைத் தபால் ஆபீஸிலேயே இலவசமாகத் தருகிறார்களே?"

"அதை எடுக்கப் போனதற்குத்தான் பெட்ரோல்."

"உள்ளே பபிள் ரேப் இல்லை. பழைய செய்தித்தாள்தான் இருக்கிறது."

"படித்துப் பார்த்தீர்களா? நல்ல கட்டுரை ஒன்று இருந்தது."

புத்தகம், சிடி விற்கிறவர்களுக்கு இன்னொரு பாதை இருந்தது. அமெரிக்கத் தபாலில் இவற்றுக்கென்றே 'மீடியா மெயில்' என்ற மலிவுக் கட்டணம் உண்டு, மெதுவாக வரும். வாங்குகிறவரிடம் விரைவுத் தபாலுக்குக் காசு வாங்கிக்கொண்டு சரக்கை இதில் ஏற்றிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு மேலாகியும் வரவில்லையே என்று கேட்டால், குற்றவாளி தயாராக இருக்கிறார்: தபால்துறை. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருமனதாகத் திட்டிக்கொள்ள எல்லா நாட்டிலும் அரசாங்கத் துறை ஒன்று இருப்பது சமூக நல்லிணக்கத்துக்கு மிகவும் நல்லது.

எண்பது எழுத்து யுத்தம்

கோர்ட்டுக்குப் போகிற தொகை இல்லை. போலீஸுக்குப் போகிற குற்றமும் இல்லை. இருந்த ஒரே ஆயுதம், ஒமித்யார் 1996-ல் ஏற்படுத்திய ஃபீட்பேக். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லதோ கெட்டதோ அப்போது எண்பது எழுத்துக்குள் எழுத முடிந்தது. நல்லவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வார்கள் என்பது திட்டம். பாராட்டவும் செய்தார்கள். 'ஏ ப்ளஸ் ப்ளஸ் ப்ளஸ் ப்ளஸ்' என்று எண்பதாவது இடம்வரை ப்ளஸ் போட்டுக்கொண்டே போனார்கள். ஒரு பழைய சாவிக்கொத்தை அனுப்பியதற்கு இவ்வளவு ப்ளஸ் வாங்கிய மனிதர்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு ப்ளஸ்ஸையும் பார்த்திராதவர்கள்.

ஆனால் இருபக்கமும் துப்பாக்கி இருந்தது. தபாலில் கொள்ளை அடித்துவிட்டார் என்று நீங்கள் சிவப்புப் புள்ளி வைத்தால், அடுத்த நிமிடமே அவர் உங்களுக்கு ஒன்று வைப்பார்: 'மோசமான வாடிக்கையாளர், எச்சரிக்கை!' உங்கள் தவறு என்ன? 3.85-ஐப் படிக்கத் தெரிந்ததுதான். எனவே விவரமானவர்கள், அவர் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நாற்பது ஆண்டுகள் நடத்திய அதே நாடகம், ஒரு ஸ்வெட்டருக்காக.

2007-ல் ஈபே நட்சத்திரங்களைக் கொண்டுவந்தது. பொருள் சொன்னபடி இருந்ததா, பதில் சொன்னாரா, சீக்கிரம் அனுப்பினாரா, தபால் கட்டணம் நியாயமா என்று நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம்வரை. நான்காவது கேள்வி ஒரு மனோதத்துவ ஆராய்ச்சி. தபால் இவ்வளவு என்று பார்த்து, சம்மதித்து, பணம் கட்டியவர்களும் பார்சல் வந்தபின் அதில் மட்டும் நட்சத்திரத்தைக் குறைத்தார்கள். தபால் கட்டணம் நியாயம் என்று மனதார ஒப்புக்கொள்ளும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதற்காகவே பின்னாளில், தபால் இலவசம் என்று போட்டால் அந்தக் கேள்விக்குத் தானாகவே ஐந்து நட்சத்திரம் என்று அறிவிக்க வேண்டிவந்தது.

2008-ல் இன்னும் ஒரு படி. விற்பவர்கள் இனி வாங்குபவர்களுக்குக் கெட்ட ஃபீட்பேக் போடவே முடியாது. ஒரு பக்கத் துப்பாக்கியை மட்டும் பிடுங்கினால் எப்படி என்று விற்பவர்கள் கொதித்தார்கள். கமிஷன் உயர்வும் சேர்ந்துகொள்ள, அந்த பிப்ரவரியில் ஒரு வாரம் கடையடைப்பு நடத்தினார்கள். இணையத்தில் கடையடைப்பு என்றால் கல்லெறி இல்லை, பஸ் எரிப்பு இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் சரக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

இதற்கு நடுவில் இரண்டு பொருளாதார அறிஞர்கள், தன்ஜிம் ஹுசேனும் ஜான் மார்கனும், சிடியையும் எக்ஸ்பாக்ஸ் கேம்களையும் ஈபேயில் தாங்களே விற்றுப் பார்த்தார்கள். ஒரே சிடி. ஒருமுறை தொடக்க விலை 4 டாலர், தபால் இலவசம். இன்னொருமுறை தொடக்க விலை 1 சென்ட், தபால் 3.99. கூட்டினால் இரண்டும் 4 டாலர்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2006-ல் வெளிவந்த முடிவு: 1 சென்ட் ஏலத்துக்கே அதிகக் கூட்டம், அதிக வசூல். தபால் கட்டணம் மிக அதிகமாகப் போனால்தான் வித்தை பலிக்கவில்லை. பின்னால் மார்கனும் ஹுசேனும் இன்னொருவரும் ஐபாட் விற்றுப் பார்த்த ஆராய்ச்சியில், தபால் கட்டணத்தைக் கண்ணில் படாமல் வைத்தால், அதை ஏற்ற ஏற்ற விற்கிறவருக்கு வருமானம் ஏறியது. அதாவது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வருடக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்ததை, பழைய ஜீன்ஸ் விற்றவர்கள் முதல் நாளே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுத நேரமில்லை, பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஈபே என்னென்னவோ செய்து பார்த்தது. அதீதத் தபால் கட்டணம் கூடாது என்று தடை. அப்படிப் போடுகிறவர்களைப் பற்றிப் புகார் கொடுக்க ஏற்பாடு. விலையையும் தபாலையும் கூட்டி வரிசைப்படுத்தும் வசதி. கடைசியில் 2011 ஜூலையில் அமெரிக்காவில் அந்தத் திறந்த வாசலையே இழுத்து மூடியது. இனி தபால் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் கமிஷன். அழுகுரல் விண்ணைப் பிளந்தது. தபால்துறைக்கு நேர்மையாகக் கட்டுகிற காசிலும் பங்கு கேட்கிறார்களே என்று, கனமான சாமான் விற்கிற யோக்கியர்கள் அழுததில் நியாயம் இருந்தது. 1 சென்ட் வியாபாரிகளும் கூடவே அழுதார்கள். அவர்கள் குரல்தான் சத்தமாகக் கேட்டது.

தபால் கட்டணம் அதற்கப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. வீடு மாறியது. 'தபால் இலவசம்' என்று பச்சை எழுத்தில் போட்டுவிட்டு, 14 டாலர் சரக்கை 20 டாலர் ஆக்கினார்கள். இலவச மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் யார் காசு கொடுத்தது என்று தெரிந்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உண்மை சொன்னதற்கு வழக்கு

இந்த யுத்தத்தின் உச்சகட்டம் 2013-ல் ஒஹாயோ மாநிலத்தில் அரங்கேறியது. தொகை 1 டாலர் 44 சென்ட். மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்திடம், தெற்கு கரோலினாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஈபே மூலம் ஒரு நுண்ணோக்கி விளக்கு வாங்கினார். பார்சல் வந்தபோது தபால்காரர் 1.44 பாக்கி என்றார். அம்மணி கொடுத்தார். பார்சல் தபால் பாக்கியோடு வந்தது என்று ஃபீட்பேக்கில் எழுதினார். எழுதியது முழு உண்மை. நிறுவனம் அந்தக் காசைத் திருப்பித் தர முன்வந்தது. ஆனால் ஃபீட்பேக் நின்றால் தன் மதிப்பெண் குறையுமே என்று கலங்கி, அதை நீக்கக் கோரி வழக்குப் போட்டுவிட்டது.

1.44-க்கு வழக்கு. வக்கீல் ஒரு கடிதம் எழுதினாலே அதைப்போல நூறு மடங்கு. எழுதியது பொய் என்பதல்ல வாதத்தின் ஆதாரம். அது உண்மையாகவே இருந்தாலும் எங்களுக்கு நஷ்டம் என்பதுதான். விஷயம் வெளியே வந்ததும், பொதுநல வழக்குகள் நடத்தும் பப்ளிக் சிட்டிசன் அமைப்பின் வழக்கறிஞர் பால் ஆலன் லெவி களமிறங்கினார். பத்திரிகைகள் எழுதின. நுண்ணோக்கி விளக்கு வாங்கும் சிலர் மட்டுமே படித்திருக்க வேண்டிய ஒற்றை வரி, நுண்ணோக்கியை ஏழாம் வகுப்புக்குப் பிறகு தொட்டே பார்க்காத லட்சக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தபால் கட்டணத் தகராறின் வரலாற்றில், மானத்தை இவ்வளவு தூரம் இவ்வளவு வேகமாக டெலிவரி செய்த வேறு சம்பவம் இல்லை.

ஜெனீவாவில் ஒரு கையாளும் கட்டணம்

தனிமனிதர்கள் முடித்த இடத்தில் தேசங்கள் ஆரம்பித்தன.

1874-ல் 22 நாடுகள் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கூடி ஓர் அகில உலகத் தபால் சங்கம் அமைத்தன. அதன் கணக்கு அழகானது: ஸ்டாம்ப் விற்ற நாடு காசை வைத்துக்கொள்ளட்டும், கடிதத்தைப் பெறுகிற நாடு இலவசமாகப் பட்டுவாடா செய்யட்டும். எப்படியும் பதில் கடிதம் போகும், அதில் சரியாகிவிடும். பதில் போடாத மனிதர்களை அந்த 22 நாட்டுப் பிரதிநிதிகளும் சந்தித்ததே இல்லை போலும். 1969-ல் டோக்கியோவில் கூடியபோதுதான், பட்டுவாடா செய்கிற நாட்டுக்கும் கூலி உண்டு என்று முடிவானது. பின்னாளில் வளரும் நாடுகளுக்கு அதில் சலுகையும் கிடைத்தது. சீனாவும் அந்த வரிசையில் இருந்தது.

பிறகு ஈபே வந்தது, சீனாவின் தொழில் நகரமான ஷென்ஜென் வந்தது, 2011-ல் சீன, அமெரிக்கத் தபால்துறைகளுக்கு இடையே இ-பாக்கெட் ஒப்பந்தமும் வந்தது. செல்போன் உறை, தபால் உட்பட 99 சென்ட், பசிபிக் கடலைத் தாண்டி வீட்டு வாசலில். அதே உறையைப் பக்கத்து ஊருக்கு அனுப்ப ஓர் அமெரிக்கருக்கு ஆகும் தபால் செலவு அதைவிட அதிகம். அமெரிக்கர்கள் யாரும் அந்த உறைக்குப் பதில் உறை எழுதவில்லை. இரண்டு நூற்றாண்டாக ஒரே விதி: சுங்கம் இல்லாத வாசல் எங்கே என்று சரக்குக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

2018 அக்டோபரில், தபால் சங்கத்தை விட்டே விலகுகிறேன் என்று அமெரிக்கா நோட்டீஸ் கொடுத்தது. உலகம் பதறியது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு. கோட் சூட் போட்ட பிரதிநிதிகள் காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு விவாதித்த பொருள், பார்சல் வந்தபின் எந்த வாடிக்கையாளரும் கேட்கிற அதே கேள்வி: இதற்கு ஏன் இவ்வளவு, கூலி யார் தலையில்?

சமரசம் ஏற்பட்டது. அதிக அளவில் சரக்கு இறக்குமதியாகும் நாடுகள், 2 கிலோ வரையிலான சிறு பார்சல்களைப் பட்டுவாடா செய்யத் தங்கள் கட்டணத்தை வரம்புக்குட்பட்டுத் தாங்களே அறிவித்துக்கொள்ளலாம். அமெரிக்கா 2020 ஜூலை முதலே அப்படிச் செய்யலாம்.

ஹேண்ட்லிங் கட்டணத்தை அவரவரே எழுதிக்கொள்வது. ஈபே பதினைந்து வருடம் போராடி, தடைபோட்டு, நட்சத்திரம் வைத்து, கமிஷன் விதித்து ஒழிக்கப் பார்த்த அதே பழக்கம், ஜெனீவாவில் சர்வதேசச் சட்டமாகக் கைதட்டலோடு நிறைவேறியது. பழைய ஜீன்ஸ் விற்றவர்களுக்கும் வல்லரசுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: வல்லரசுக்கு நெகட்டிவ் ஃபீட்பேக் போடும் பட்டன் இன்னும் வரவில்லை.